ஐயத்தின் துலாக்கோல்

பிரான்சு நாட்டின் தென்மேற்கே, போர்தோ நகருக்குக் கிழக்கில் ஒரு குன்றின்மேல் பழைய கோபுரம் ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் மேல்தளத்து அறையின் விட்டங்களில் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் சிறுசிறு தொடர்கள் எழுதப்பட்டுள்ளன. மனித அறிவு எத்துணைச் சிறியது என்பதை நினைவூட்டும் தொடர்கள் அவை. அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் தம் கண்ணில் படவேண்டும் என்று அவற்றை எழுதிவைத்தவர் மிஷேல் தெ மொந்தேன். கட்டுரை என்னும் இலக்கிய வகைக்கு ஐரோப்பாவில் பெயரும் உருவும் தந்தவராக மாணவர்கள் அவரை அறிந்திருக்கலாம். இப்பாடம் அவருடைய மற்றொரு முகத்தைக் காட்டுகிறது. தம்மைச் சூழ்ந்திருந்தோர் யாவரும் தத்தம் கொள்கையே மெய் என்று வாளேந்தி நின்ற காலத்தில், எதையும் உறுதியாக அறிந்துவிட்டோமா என்று ஐயுற்ற ஒருவர் நாட்டின் பொதுவாழ்வில் என்ன செய்தார் என்பதே இங்குச் சொல்லப்படுவது.

அக்காலத்தைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். 1562ஆம் ஆண்டு முதல் 1598ஆம் ஆண்டு வரை பிரான்சில் கத்தோலிக்கருக்கும், ஹியூகனாட்டுகள் எனப்பட்ட பிரெஞ்சுப் பிராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்தது. அதனை 8 போர்களாக வரலாற்று ஆசிரியர்கள் பிரித்து எண்ணுகின்றனர். உடன்படிக்கைகள் எழுதப்பட்டன, மை உலர்வதற்குள் மீறப்பட்டன. வழிபாட்டு முறையைப் பற்றிய பூசல் மட்டுமன்று இது. அரசனுக்கு மக்கள் எதுவரை கீழ்ப்படிய வேண்டும், தவறிழைக்கும் அரசனை எதிர்க்கலாமா, அரியணை யாருக்கு உரியது என்னும் அரசியல் வினாக்களும் அதில் பின்னிக் கிடந்தன. இரு தரப்பாரிடமும் அறிஞர் இருந்தனர், நூல்கள் இருந்தன, ஐயத்திற்கு இடமில்லாத விடைகளும் இருந்தன.

இளமைப் பருவம்

மொந்தேன் 1533ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பிறந்தார். அவருடைய முன்னோர் போர்தோ நகரில் திராட்சை மதுவும் உப்பிட்ட மீனும் விற்றுப் பொருளீட்டியவர்கள். கொள்ளுப்பாட்டனார் 1477இல் மொந்தேன் என்னும் ஊரின் நிலங்களையும் மாளிகையையும் விலைக்கு வாங்கினார். தந்தை பியேர் இத்தாலியப் போர்களில் பங்கேற்றுத் திரும்பியவர். அந்நாட்டின் புதிய கல்விச் சிந்தனைகளையும் உடன் கொண்டுவந்தார். தம் மகன் இலத்தீன் மொழியைத் தாய்மொழிபோல் பேச வேண்டும் என்று விரும்பினார். பிரெஞ்சு அறியாத ஜெர்மானிய ஆசிரியர் ஒருவரிடம் குழந்தையை ஒப்படைத்தார். தாயும் பணியாளர்களும்கூட அவனிடம் பேசுவதற்கு மட்டும் சில இலத்தீன் சொற்களைக் கற்றுக்கொண்டனர். சுற்றுப்புறத்துச் சிற்றூர்களிலும் சில கருவிகளுக்கு இலத்தீன் பெயர்கள் பரவிவிட்டனவாம்! ஆறு வயதுவரை அவர் அறிந்த மொழி அது ஒன்றே. பின்னர்ப் போர்தோ நகரின் புகழ்பெற்ற பள்ளியில் சேர்ந்தார். அங்கு அவருக்குக் கற்பித்தவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்து அறிஞர் ஜார்ஜ் புக்கானன். அரசன் மக்களுக்குப் பொறுப்புடையவன் என்று வாதிடும் நூலைப் பின்னாளில் எழுதியவர் அவர்.

பதினைந்து வயதில் மொந்தேன் கண்ட ஒரு காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1548இல் உப்பு வரியை எதிர்த்துப் போர்தோ மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அரசப் பிரதிநிதியாக இருந்த மொனேன் பாதுகாப்பான கோட்டையை விட்டு வெளியே வந்து கூட்டத்தை அமைதிப்படுத்த முயன்றார். கூட்டம் அவரைக் கொன்றது. பின்னர் அரசப்படை வந்து நகரத்தைக் கொடுமையாகத் தண்டித்தது. அதன் உரிமைகளைப் பறித்தது. கூட்டத்தின் சீற்றத்தையும் அரசின் பழிவாங்கலையும் அடுத்தடுத்துக் கண்ட இளைஞர், ஆண்டுகள் பல கழிந்தபின் இதனை எழுதும்போது மொனேனின் பிழை வெளியே வந்தது அன்று, அஞ்சி நடுங்கி இரந்து நின்றதே என்று கருதினார். இந்தப் பாடம் அவருக்கு ஒருநாள் பயன்பட்டது. அதனைப் பின்னர்க் காண்போம்.

நீதிமன்றமும் நண்பரும்

1557 முதல் போர்தோ உயர்நீதி மன்றத்தில் அவர் உறுப்பினராகப் பணியாற்றினார். சட்டத்தை நெருங்கிப் பார்த்தவருக்கு அதன்மேல் பெருமதிப்பு வளரவில்லை. ஒரே சட்டத்தொடருக்கு உரையாசிரியர்கள் நூறு பொருள் கூறுவதை அவர் கண்டார். உண்மையை வெளிக்கொணர்வதற்கென்று செய்யப்பட்ட சித்திரவதை, உண்மையைச் சோதிப்பதில்லை. தாங்கும் ஆற்றலையே சோதிக்கிறது என்பது அவர் முடிவு. வலி தாங்காதவன் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வான். தாங்குபவன் செய்த குற்றத்தையும் மறைப்பான்.

அந்நாளில் துலூசு நகரத்து நீதிமன்றத்தில் ஒரு விந்தையான வழக்கு நடந்தது. ஊரை விட்டுப் போன மார்த்தேன் கேர் என்னும் உழவரின் பெயரில் வேறொருவர் வந்து, அவருடைய மனைவியோடும் சுற்றத்தாரோடும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். வழக்கு முடியும் தறுவாயில் உண்மையான மார்த்தேன் கேர் திரும்பிவர, மற்றவர் 1560இல் தூக்கிலிடப்பட்டார். வழக்கை விசாரித்த நீதிபதி கொரா அதனை நூலாக எழுதினார். அந்நூலைக் கண்ட மொந்தேனுக்கு வியப்பைவிட அச்சமே மிகுந்தது. இத்தனை மயக்கம் நிறைந்த வழக்கில் உயிரைப் பறிக்கும் துணிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எமக்கு விளங்கவில்லை என்று வெளிப்படையாகக் கூறும் உரிமை நீதிமன்றத்திற்கும் வேண்டும் என்று விரும்பினார். கொராவின் முடிவையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர் ஹியூகனாட்டுச் சார்பினர். 1572இல் அதே துலூசு நகரில், தம் எதிர்த்தரப்பைப் பற்றிச் சிறிதும் ஐயமில்லாத கூட்டத்தாரால் அவர் கொல்லப்பட்டார்.

நீதிமன்றத்தில்தான் மொந்தேன் எத்தியேன் தெ லா பொயெத்தியைச் சந்தித்தார். இலக்கிய உலகம் போற்றும் நட்புகளுள் ஒன்று அவர்களுடையது. லா பொயெத்தி மிக இளம்வயதிலேயே ஒரு சிறுநூல் எழுதியிருந்தார். ஒற்றை மனிதனுக்குப் பல்லாயிரவர் ஏன் அடிமைப்படுகின்றனர் என்று அந்நூல் வினவியது. கொடுங்கோலனின் வலிமை முழுவதும் மக்கள் தாமாகக் கொடுத்ததே என்று விடையும் கூறியது. 1563இல் லா பொயெத்தி தம் 32ஆம் வயதில் நோயுற்று மறைந்தார். தொற்றுக்கு அஞ்சாமல் இறுதிவரை படுக்கையருகே இருந்தவர் மொந்தேன். நண்பரின் நூல்களும் கையெழுத்துப் படிகளும் அவரிடம் வந்து சேர்ந்தன.

கோபுரத்து அறை

1568இல் தந்தை இறந்தார். 1571இல், தம் 38ஆம் பிறந்தநாளன்று, மொந்தேன் நீதிமன்றப் பணியைத் துறந்து கோபுரத்திற்குள் புகுந்ததாக அங்குள்ள இலத்தீன் கல்வெட்டு கூறுகிறது. கீழே சிறு வழிபாட்டு அறை, நடுவில் படுக்கையறை, மேலே நூலகம். ஏறத்தாழ 1000 நூல்கள் அங்கிருந்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் பாரிசில் ஹியூகனாட்டுகள் ஆயிரக்கணக்கில் படுகொலை செய்யப்பட்டனர். அக்டோபரில் அந்த வெறி போர்தோ நகரையும் எட்டியது. தனிமையை நாடிச் சென்றவரின் சாளரத்திற்கு வெளியே நாடு எரிந்துகொண்டிருந்தது. அவருடைய வீட்டுக்குள்ளும் பிளவு இருந்தது. அவர் கத்தோலிக்கர், தம்பியருள் ஒருவரும் தங்கையருள் ஒருவரும் பிராட்டஸ்டண்டுகள். எந்தத் தரப்பு வென்றாலும் அவர் உறவினரில் ஒருவர் தோற்றவர் ஆவார்.

இந்நிலையில் ஒரு பழைய நூல் அவர் கையில் கிடைத்தது. செக்சுத்தசு எம்பிரிக்கசு என்னும் கிரேக்க மருத்துவ மெய்யியலாளர் எழுதிய அந்நூலின் இலத்தீன் மொழிபெயர்ப்பு 1562இல், அதாவது போர் தொடங்கிய அதே ஆண்டில், வெளிவந்திருந்தது. பிரோன் என்பவரின் ஐயவாதத்தை அது விளக்குகிறது. பிரோன் அலெக்சாந்தரின் படையுடன் இந்தியா வரை வந்து, இங்கிருந்த துறவியரைக் கண்டு சென்றவர் என்று பழைய கிரேக்க வரலாறு கூறும். ஒவ்வொரு கூற்றுக்கும் அதே வலிமையுடைய எதிர்க்கூற்று ஒன்றை முன்வைக்க முடியும்; ஆகவே முடிவுகட்டுவதை நிறுத்திவைப்பதே அறிவுடைமை; அவ்வாறு நிறுத்திவைத்தவனுக்கு மன அமைதி கிட்டும் என்பது இவ்வழியினர் கோட்பாடு. மெய்யை அறியவே இயலாது என்று அவர்கள் அடித்துக் கூறுவதில்லை. அவ்வாறு கூறினால் அதுவும் ஓர் உறுதிப்பாடு ஆகிவிடும். அவர்கள் தேடிக்கொண்டே இருப்பவர்கள்.

மொந்தேனின் மிக நீண்ட கட்டுரை இச்சிந்தனையில் ஊறியது. தந்தையின் வேண்டுகோளுக்கிணங்க ரேமோன் செபோன் என்பவரின் சமயநூல் ஒன்றை அவர் பிரெஞ்சில் பெயர்த்து 1569இல் வெளியிட்டிருந்தார். சமய உண்மைகளைப் பகுத்தறிவால் நிறுவ முடியும் என்பது அந்நூலின் வாதம். செபோனைக் காக்க எழுந்த மொந்தேன், அவரைத் தாக்குவோரின் பகுத்தறிவையே தாக்கினார். நம் புலன்கள் நம்மை ஏமாற்றுகின்றன. அவற்றைச் சரிபார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலைச் சரிபார்க்க மற்றொன்று வேண்டும். இவ்வாறு நாம் செக்கு மாடுபோல் சுற்றிவருகிறோம். தம் வாழ்நாளுக்குள்ளேயே அண்டை நாடான இங்கிலாந்தின் சமயச் சட்டங்கள் அரசர் மாறுந்தோறும் மாறியதை அவர் கண்டார். ஆற்றின் இக்கரையில் அறமாக இருப்பது அக்கரையில் குற்றமாவது எவ்வகை அறம் என்று வினவினார். செபோனைக் காக்க எழுந்த கட்டுரை செபோனின் அடித்தளத்தையே தகர்த்துவிட்டதோ என்று படிப்போர் இன்றும் மயங்குகின்றனர். அந்த மயக்கம் நியாயமானதே.

1576இல் அவர் தமக்கென ஒரு பதக்கம் செய்வித்தார். அதில் இரு தட்டும் சமமாக நிற்கும் துலாக்கோல் ஒன்றும், தீர்ப்பை நிறுத்திவைத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் பொறிக்கப்பட்டன. 1580இல் அவருடைய கட்டுரைகளின் முதல் இரண்டு பாகங்கள் போர்தோவில் அச்சாயின. நூலுக்கு அவர் இட்ட பிரெஞ்சுப் பெயருக்கு முயற்சி, சோதித்துப் பார்த்தல் என்று பொருள். நம் மொழியில் கட்டுரை என்பது கட்டமைந்த உரை. அவருடையதோ எந்தக் கட்டுக்கும் அடங்காமல் ஓடுவது.

கைமாறிய வாதங்கள்

ஐயவாதி அரசியலில் எப்பக்கம் நிற்பான்? பழைய பிரோனியர் இதற்கு ஒரு விடை வைத்திருந்தனர். எது மெய் என்று தெரியாதபோது, பிறந்த நாட்டின் வழக்கத்தையும் சட்டத்தையும் பின்பற்றி வாழ்க என்பது அது. மொந்தேனும் இதனையே ஏற்றார். புதிய சமயம் பழையதைவிட மெய்யானது என்று நிறுவ முடியாது. ஆனால் அதனை நிலைநாட்டும் போரில் சிந்தும் குருதி கண்கூடு. எனவே அவர் கத்தோலிக்கராகவே இருந்தார். அரசனின் பக்கமே நின்றார். சட்டங்கள் நேர்மையானவை என்பதற்காக அவர் அவற்றுக்குப் பணியவில்லை. அவை சட்டங்களாக இருப்பதற்காகவே பணிந்தார்.

தம் கண்முன் நிகழ்ந்த ஒரு மாற்றம் அவருடைய ஐயத்தை ஆழப்படுத்தியது. 1572ஆம் ஆண்டுப் படுகொலைக்குப் பின், கொடிய அரசனை எதிர்க்க மக்களுக்கு உரிமையுண்டு என்று ஹியூகனாட்டு அறிஞர்கள் நூல்கள் எழுதினர். அரசனுக்கு எதிராகக் கை ஓங்குவது கடவுளுக்கே எதிரானது என்று கத்தோலிக்கர் மறுத்தனர். 1584இல் அரசன் மூன்றாம் ஹென்றியின் தம்பி இறந்தார். அரசனுக்கோ பிள்ளை இல்லை. அரியணைக்கு அடுத்த உரிமை ஹியூகனாட்டுத் தலைவரான நவார் ஹென்றியிடம் போயிற்று. உடனே வாதங்கள் இடம் மாறின. தகாத அரசனை எதிர்க்கலாம் என்று கத்தோலிக்கக் கூட்டணியின் போதகர்கள் முழங்கினர். முறைப்படி வரும் அரசனை எதிர்ப்பது பாவம் என்று ஹியூகனாட்டுகள் எழுதினர். பந்து எறிவதுபோல் ஒரே கோட்பாடு சில ஆண்டுகளுக்குள் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போயிற்று. இதனை மொந்தேன் கூர்ந்து குறித்துவைத்தார். வாதத்தின் வழியே தரப்பு போகவில்லை, தரப்பின் பின்னே வாதம் ஓடுகிறது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. இத்தகைய வாதத்துக்காக ஒருவனை எப்படிக் கொல்வது? கொல்லப்படுபவனின் உயிர் ஐயமற்ற பொருள். கொல்பவனின் கொள்கையோ ஓர் ஊகம்.

அவருடைய நண்பரின் நூலும் இந்தச் சுழலில் சிக்கியது. அடிமைத்தனம் பற்றிய அச்சிறுநூலைத் தம் கட்டுரைகளின் நடுவே வைத்துப் போற்ற மொந்தேன் எண்ணியிருந்தார். அதற்குள் ஹியூகனாட்டுகள் அதன் பகுதிகளை 1574இலும் முழுமையை அதன்பின்னும் தம் போர்த் துண்டறிக்கைகளோடு சேர்த்து வெளியிட்டுவிட்டனர். 1579இல் போர்தோ நகரில் அந்த வெளியீடு பொது இடத்தில் எரிக்கப்பட்டது. மொந்தேன் அந்நூலைத் தம் நூலில் சேர்க்காமல் விட்டார். அதன் இடத்தில் நண்பரின் காதற்கவிதைகள் சிலவற்றை வைத்தார். பின்னர் அவற்றையும் நீக்கினார். நண்பர் சட்டத்துக்குப் பணிந்து வாழ்ந்த நல்ல குடிமகன் என்று அவர் எழுதியது உண்மைதான். எனினும், வலிமையான ஒரு குரல் அங்கு அமைதியாக்கப்பட்டது என்பதையும் மறுக்க இயலாது.

மேயர் பதவி

சிறுநீரகக் கல் நோயால் வருந்திய மொந்தேன் 1580இல் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து வழியாக இத்தாலிக்குப் பயணம் மேற்கொண்டார். உரோமில் அவருடைய நூலைத் திருச்சபைத் தணிக்கையாளர் ஆராய்ந்தனர். சமயப் பகைவரான பேசாவைச் சிறந்த கவிஞர் என்று குறிப்பிட்டதும், உயிரைப் பறிப்பதற்கு அப்பால் குற்றவாளிக்குச் செய்வதெல்லாம் கொடுமை என்று எழுதியதும் அவர்கள் கண்ணில் உறுத்தின. திருத்துவதை அவருடைய மனச்சான்றுக்கே விட்டனர். அவர் திருத்தவில்லை. பகைவரிடத்துள்ள நன்மையை மறைப்பது பொய் சொல்வதற்கு ஒப்பாகும் என்று அவர் எண்ணினார்.

பயணத்தின் இடையே, தாம் போர்தோ நகரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி அவரை எட்டியது. தயங்கியவரை அரசனின் ஆணை வரவழைத்தது. ஊதியமில்லாப் பதவி அது. 1581 முதல் 1585 வரை இரு முறை அதனை வகித்தார். மேயர் வேறு, மொந்தேன் வேறு என்று இரண்டையும் பிரித்தே வைத்திருந்தார். பதவி என்பது ஓர் ஆடை. அதனைச் செவ்வையாக உடுத்த வேண்டும், தோலாக்கிக்கொள்ளக் கூடாது. 1583இல் நகரத்தின் சார்பில் அரசனுக்கு அனுப்பப்பட்ட முறையீடு, செல்வக் குடும்பங்கள் வரிவிலக்குப் பெற்றிருப்பதால் சுமை முழுவதும் ஏழைகள் தலையில் விழுகிறது என்று சுட்டிக்காட்டியது.

1584 டிசம்பரில் நவார் ஹென்றி தம் பரிவாரத்துடன் மொந்தேனின் மாளிகைக்கு வந்து தங்கினார். நஞ்சுக்கு அஞ்சி உணவைப் பிறர் சுவைத்துப் பார்த்த பின்னரே தலைவர்கள் உண்ட காலம் அது. ஹியூகனாட்டுத் தலைவரோ கத்தோலிக்கர் வீட்டில் எந்தச் சோதனையுமின்றி உண்டார். வீட்டுக்காரரின் படுக்கையிலேயே உறங்கினார். அரசனின் மன்றமும் மொந்தேனை நம்பியது. இரு தரப்புக்கும் இடையே தூது செல்ல அவரால் முடிந்தது. யாருக்கும் தாம் முழுமையாக உரியவர் என்று அவர் வாக்களிக்கவில்லை; அதனாலேயே அவர் வாக்கை இருவரும் நம்பினர் போலும்.

அடுத்த ஆண்டு போர்தோவைக் கைப்பற்றக் கத்தோலிக்கக் கூட்டணி முயன்றது. அந்தப் பதற்றத்தில் நகரப் படையின் அணிவகுப்பு நடைபெற வேண்டியிருந்தது. குண்டு நிரப்பிய துப்பாக்கிகளோடு நிற்போரிடையே கூட்டணியின் ஆட்களும் இருக்கலாம். மரியாதை வேட்டு முழங்கும்போது ஒரு குண்டு தலைவர்களை நோக்கிப் பாயலாம். வேட்டுகளைக் குறைக்கலாம் என்றனர் சிலர். மொந்தேன் மறுத்தார். தலைநிமிர்ந்து வரிசைகளுக்கு நடுவே நடப்போம், வேட்டுகள் குறைவின்றி முழங்கட்டும் என்பது அவர் அறிவுரை. 1548இல் அஞ்சி நின்றவருக்கு நேர்ந்ததை அவர் மறக்கவில்லை. அணிவகுப்பு அமைதியாக முடிந்தது. நம்மை நம்புகிறார்கள் என்று படையினர் மகிழ்ந்தனர்.

பதவிக்காலம் முடியும் நாளில் நகரத்தில் கொள்ளைநோய் பரவியது. அப்போது நகருக்கு வெளியே இருந்த மொந்தேன், பதவியை ஒப்படைக்க உள்ளே வருவது இன்றியமையாததா என்று நகர மன்றத்திற்குக் கடிதம் எழுதினார், அருகிலுள்ள ஊர்வரை வருவதாகக் கூறினார், நகருக்குள் செல்லவில்லை. பிற்கால ஆசிரியர் சிலர் இதனைக் கோழைமை என்று கடிந்துள்ளனர். நண்பரின் படுக்கையருகே அஞ்சாது இருந்தவர் இவரேயன்றோ என்ற எண்ணமும் நமக்கு எழுகிறது. ஓரிரு நாளில் முடிய இருந்த பதவிக்காக உயிரை ஈடுவைக்க வேண்டுமா என்று அவர் எண்ணியிருக்கலாம். சில வாரங்களில் நோய் அவர் மாளிகையையும் எட்டியது. குடும்பத்தோடு ஆறு மாதம் இடம்விட்டு இடம் அலைந்தார். ஏற்பார் யாருமில்லை.

ஐயத்தின் எல்லை

மொந்தேனை மறுப்போர் கேட்கும் கேள்வி எளியது, கூரியது. எதுவும் உறுதியில்லை என்பதால் இருப்பதே இருக்கட்டும் என்றால், இருப்பதனால் நலம் பெறுவோர் யார்? நிலமும் மாளிகையும் பட்டமும் உடையவருக்கு இருக்கும் ஒழுங்கு இதமாகவே இருக்கும். உப்பு வரியால் நொந்த உழவருக்கு அவ்வொழுங்கு அத்தகையதன்று. வழக்கமே அநீதியாக இருக்குமிடத்தில் ஐயவாதி என்ன செய்வான்? இவ்வினாவுக்கு மொந்தேன் நேரான விடை தரவில்லை. அவருடைய பணிவு அவருக்கு வசதியாக இருந்தது என்று சொல்வதில் தவறில்லை.

ஆயினும் அவருடைய துலாக்கோல் ஒரு பக்கத்தை மட்டும் நிறுக்கவில்லை. புதுமையை ஐயுற்றதுபோலவே பழக்கத்தையும் ஐயுற்றார். சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்களை அவரே நேரில் கண்டு பேசியிருக்கிறார். அவர்களுக்குத் தேவை மருத்துவம், மரண தண்டனை அன்று என்ற முடிவுக்கு வந்தார். கற்றறிந்த நீதிபதிகள் பலர் அவர்களை எரித்துக்கொண்டிருந்த காலம் அது. பிரேசிலிலிருந்து ரூவான் நகருக்கு அழைத்துவரப்பட்ட பழங்குடி மனிதர்களைப் பற்றியும் அவர் எழுதினார். தாடி வளர்ந்த வலிய வீரர்கள் ஒரு சிறுவனாகிய அரசனுக்குப் பணிவதைக் கண்டு அவர்கள் வியந்தனராம். வயிறு நிறைந்தோரின் வாசலில் பசித்தோர் இரந்து நின்றும், அவர்கள் ஏன் அவ்வீடுகளைக் கொளுத்தவில்லை என்றும் வியந்தனராம். இதனை எழுதியவர் அதே அரசனின் பணிவுள்ள குடிமகன். மெக்சிகோவிலும் பெருவிலும் ஸ்பானியர் செய்த கொடுமைகளை அவர் கண்டித்த அளவுக்கு அவர் காலத்தில் கண்டித்தவர் சிலரே. கொடுமையைப் பற்றி மட்டும் அவருக்கு ஐயமே எழவில்லை.

இறுதி ஆண்டுகள்

1588இல் மூன்றாம் பாகத்துடன் கூடிய புதிய பதிப்பை வெளியிடப் பாரிசுக்குச் சென்றார். அரசன் தலைநகரை விட்டு வெளியேற, நகரம் கூட்டணியின் கைக்குள் போயிருந்தது. ஜூலை 10ஆம் நாள் கூட்டணியினர் மொந்தேனைப் பிடித்துப் பாஸ்டில் சிறையில் அடைத்தனர். அரசனின் தாய் கேத்தரின் தலையிட்டதால் அன்று மாலையே விடுவிக்கப்பட்டார். கத்தோலிக்கக் கூட்டணியினர் அவரை ஹியூகனாட்டுகளின் நண்பர் என்றனர்; ஹியூகனாட்டுகளுக்கோ அவர் கத்தோலிக்கர். இரு பக்கமும் அடிபடும் மத்தளமாக அவர் வாழ்ந்தார். எனினும் போர்க்காலம் முழுவதும் தம் மாளிகைக்குக் காவற்படை வைக்கவில்லை. ஒருமுறை அண்டை வீட்டார் ஒருவர் பகைவருக்கு அஞ்சி ஓடிவந்ததாக நடித்து, தம் வீரர்களோடு உள்ளே நுழைந்தார். மாளிகையைக் கவர்வதே அவர் எண்ணம். மொந்தேனோ சூழ்ச்சியை உணர்ந்தும், எல்லோரையும் உள்ளே அழைத்து உபசரித்தார். வந்தவர் எண்ணத்தை விட்டுத் திரும்பிச் சென்றார். தம்முடைய வெளிப்படையான முகமே தம்மைத் தடுத்துவிட்டதாக அவரே பின்னர்ப் பலரிடமும் சொல்லிவந்தாராம்.

1589இல் மூன்றாம் ஹென்றி கொலையுண்டார். நவார் ஹென்றி நான்காம் ஹென்றியாக உரிமை பெற்று மொந்தேனைத் தம்மருகே அழைத்தார். வருவதாக மறுமொழி எழுதிய மொந்தேன், கைம்மாறாகப் பொருள் எதுவும் வேண்டாம் என்று அதில் உறுதியாகக் குறிப்பிட்டார். உடல்நிலை இடம் தரவில்லை. 1592ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், தொண்டை நோயால் பேச்சிழந்த நிலையில், தம் அறையில் நடந்த கத்தோலிக்க வழிபாட்டின்போது அவர் உயிர் பிரிந்தது. வயது 59. இரு சமயத்தாரும் சட்டப்படி ஒரே நாட்டில் வாழ வழிவகுத்த நாந்து ஆணையை நான்காம் ஹென்றி 1598இல்தான் பிறப்பித்தார்.

அவருடைய நூலின் பிற்கால வரலாறும் விந்தையானது. அவருடைய நண்பரான ஷரோன் என்னும் குருவானவர் அந்த ஐயத்தைத் திருச்சபைக்கு அரணாகக் கொண்டார். அடுத்த நூற்றாண்டின் சுதந்திரச் சிந்தனையாளர்களோ அதே ஐயத்தைத் திருச்சபைக்கு எதிரான படைக்கலமாக்கினர். உரோமின் தணிக்கையாளர் 1581இல் மென்மையாகத் திருப்பித் தந்த நூல், 1676இல் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

1885இல் தீப்பற்றி மாளிகை அழிந்தது, கோபுரம் தப்பியது. இறக்கும்போது அவர் வைத்திருந்த 1588ஆம் ஆண்டுப் பதிப்பின் படியொன்று போர்தோ நகர நூலகத்தில் உள்ளது. அதன் ஓரங்கள் முழுவதும் அவர் கையெழுத்து. எழுதியதை அடித்து, அடித்ததன்மேல் மீண்டும் எழுதி, வரிகளுக்கிடையே புதிய வரிகளை நுழைத்திருக்கிறார். பல பக்கங்களில் வெற்றிடமே இல்லை.